கலிவி கோடி

ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் லங்கமல்லேஸ்வரா சரணாலயம். அங்கே முள்புதர்களுக்கு நடுவே இரவில் மட்டும் நடமாடும் பறவை ஜெர்டான் கோர்சர். தெலுங்கில் கலிவி கோடி. 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 1986இல் மீண்டும் அகப்பட்டது.

கூச்சம் மிகுந்த பறவை. அதனால் ஆய்வாளர்கள் புதர்களுக்கிடையே மென்மண்ணைப் பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். காலையில் போய்க் காலடித் தடம் பார்த்தார்கள்.

இதற்கு அடர்ந்த காடும் ஆகாது, வெட்டவெளியும் ஆகாது. புதரும் வெற்றுத் தரையும் கலந்த இடம்தான் வேண்டும். ஆடுமாடு அளவோடு மேய்ந்தால் நல்லது. மிஞ்சினாலும் கெடுதல், அறவே நின்றாலும் கெடுதல். ஆனால் எலுமிச்சைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் புதரை வேரோடு பிடுங்கினால் மிச்சம் ஏது? கண்ணுக்குத் தரிசு என்பதால் கேட்க ஆளில்லை.

2005இல் தெலுங்கு கங்கைக் கால்வாய்க்காக மண் தோண்டிய இயந்திரங்களும் இந்தப் புதர்க்காட்டில் ஒரு பகுதியை அழித்தன. எதிர்ப்பு எழுந்த பிறகே கால்வாயின் பாதை மாறியது. சென்னை நேயர்களே, உங்கள் வீட்டுக் குழாய்க்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் திட்டம்தான் அது.