மறைந்திருந்த இசைவாணர் மேடையேறிய ஞாயிறு

பாடுகின்றவரைக் காணாமலே பாட்டைக் கேட்கும் வழக்கம் உலகிற்கு மிகப் புதியது. அமெரிக்க தேசத்து எடிஸன் என்பார் 1877-ம் வருஷத்தில் ஒலியைப் பதிவு செய்யும் கருவியைக் கண்டுபிடிக்கும் வரையில், கச்சேரியென்றால் பாடுவோரும் கேட்போரும் ஒரே பந்தரின்கீழ் ஒருங்கிருத்தல் என்பதே பொருள். இப்பொழுதோ ஒரு வித்துவானுடைய பாட்டுக்களெல்லாம் நமக்கு மனப்பாடமாயிருக்கும். அவர் நெட்டையரோ குட்டையரோ என்பது தெரியாதிருக்கும். தெரியாவிடினும் தெரிந்துகொள்ள வழியுண்டு. படமுண்டு, சரிதமுண்டு, பேட்டியும் உண்டு. அவ்வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, இருபத்தாறு வருஷ காலம் இசைத்தட்டுக்களை மட்டும் உலகிற்கு அனுப்பிவந்த ஒருவரையும், அவர் முதன்முதலாக மேடையேறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் பற்றி இங்கு எழுதப் புகுகின்றோம்.

வட அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரினின்று 1978-ம் வருஷத்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 'ரெடி பார் தி ஹௌஸ்' என்பது அதன் பெயர். பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தி யூனிட்ஸ்' என்றிருந்தது. அப்பெயரை முன்னரே வேறொரு வாத்தியக் குழுவினர் பூண்டிருந்தமையால் பின்னர் 'ஜாண்டெக்' என மாற்றப்பட்டது. ஜாண்டெக் என்பது மனிதர் பெயரோ, குழுவின் பெயரோ, எவரும் சொல்லவில்லை. வெளியிட்டவர் கார்வுட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஸ்தாபனத்தார். அந்த ஸ்தாபனமோ ஜாண்டெக் தட்டுக்களையன்றி வேறெதனையும் வெளியிட்டறியாதது. முதல் தட்டின் வரிசை எண் ஒன்று அன்று, 0739! அதற்கு முந்திய எழுநூற்று முப்பத்தெட்டும் எங்கே என்று கேட்டவர்களுக்கு மறுமொழி கிடைத்ததாக நாம் அறியோம்.

மூன்று வருஷங்கழித்து 1981-ல் இரண்டாவது தட்டு வந்தது. அதன்பின் மழை விடவேயில்லை. ஆண்டுக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் வெளிவந்து, 2004-ம் வருஷத்திற்குள் முப்பத்தைந்துக்கு மேலாயின. உறையின் முகப்பில் ஒரு வீட்டின் முகப்போ, சாளரத்துத் திரையோ, புன்னகையற்ற ஒரு வாலிபர் முகமோ, மங்கலான நிழற்படமாகக் காணப்படும். பின்புறத்தில் பாட்டுக்களின் பெயரும், அவை ஓடும் நேரமும், தபால் விலாசமும் இருக்கும். வேறு ஓர் எழுத்துக் கிடையாது. விலாசத்திற்குப் பணம் அனுப்பினால் தட்டு வரும்; கேள்வி அனுப்பினால் பெரும்பாலும் விலைப்பட்டியலே வரும்.

இனி அந்த இசை எத்தன்மைத்து என்பதைச் சொல்லியாக வேண்டும். கித்தார் என்னும் வாத்தியத்தில் ஆறு தந்திகள் உண்டு. அவற்றை இன்ன ஸ்வரங்களுக்கு இழுத்துக் கட்டவேண்டும் என்னும் முறை மேல்நாட்டில் வெகுகாலமாக நிலைபெற்றது. அவ்வாறு கட்டினாலன்றிப் பல ஸ்வரங்களை ஒருங்கே மீட்டி இனிமை விளைக்கும் அவர்கள் வித்தை கைகூடாது. ஜாண்டெக்கோ அம்முறையை அடியோடு விட்டுவிட்டார். தந்திகள் தமக்குத் தோன்றிய நிலையில் நிற்க, இடக்கை அவற்றை அழுத்தியும் அழுத்தாமலும், வலக்கை மட்டும் ஓயாது மீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல், பேச்சென்றும் பாட்டென்றும் துணியவொண்ணாத குரலொன்று, தனிமையையும் மனச்சோர்வையும் கடவுளையும் பற்றி முனகிக்கொண்டு போகும். நாம் முதன்முறை இத்தட்டைக் கேட்டிருந்த பொழுது, அடுத்த அறை நண்பர் எட்டிப் பார்த்து, "சுருதி கூட்டி முடிந்ததும் கூப்பிடுங்கள், வந்து கேட்கிறேன்" என்று சொல்லிப்போனார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் கேட்டு வளர்ந்த செவிகட்கு இவ்விசை தாயும் தந்தையுமற்ற பிள்ளை.

மேல்நாட்டு ரசிகரிடையிலும் இதுபற்றிய வழக்கு வெகுநாள் நடந்தது. சுருதி சேர்க்க அறியாதவர் ஒருவர் அறியாமையையே தட்டாக்கி விற்கின்றார் என்றது ஒரு கட்சி. அறிந்தே விலக்குகின்றார், முதற் சில தட்டுக்களில் ஒரே விதமான 'பிசகு' மீண்டும் மீண்டும் வருகின்றதே, பிசகாயின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக அன்றோ இருக்கும் என்றது மற்றொரு கட்சி. முறையாகப் பயிலாத இசைவாணர்களைப் பற்றி 2000-ம் வருஷத்தில் இர்வின் சூஸிட் என்பார் வெளியிட்ட நூலிலும் ஜாண்டெக்குக்கு இடங் கிடைத்தது. ஆயின் தட்டை மட்டும் கேட்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. ஒருவர் தனியறையில் இருந்து செய்யும் காரியத்தில் எது கருதியது, எது தவறியது என்று வெளியே நிற்பவர் எங்ஙனம் சொல்வது?

அதனாற்போலும் ஆளைத் தேடும் முயற்சி மிகுந்தது. 1985-ம் வருஷத்தில் ஒருவர் தொலைபேசியிற் பேசி அப்பேச்சைப் பதிவும் செய்தார். 1999-ல் டெக்ஸாஸ் மாகாணத்து மாதப் பத்திரிகையொன்றின் பெண் நிருபர், இவராகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்து ஒருவரைக் கண்டு பேசித் திரும்பினார். 2003-ல் 'ஜாண்டெக் ஆன் கார்வுட்' என்று முழு நீளத் திரைப்படமே எடுத்துவிட்டார்கள். படத்தில் எல்லோரும் வந்தார்கள். ஜாண்டெக் மட்டும் வரவில்லை. பழைய தொலைபேசிக் குரலே அவர் பங்கு. இதற்கிடையில் அவர் செய்தது யாதெனின், 2000, 2001-ம் வருஷங்களில் கித்தாரையும் நீக்கிவிட்டு, வெறுங்குரலால் மட்டும் அமைந்த தட்டுக்கள் மூன்றை அடுத்தடுத்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்றின் பெயருக்குத் தமிழில் 'எதற்கும் உதவாத ஏகாந்தவாசி' என்று பொருள் கூறலாம். பரிகசித்தது தம்மையோ, தம்மைத் தேடியவர்களையோ, நாம் அறியோம்.

நிற்க. ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் மத்திய ரயில் நிலையத்தின் அடியில், தண்டவாளங்களைத் தாங்கும் செங்கல் வளைவுகளுக்குள்ளே, 'தி ஆர்ச்சஸ்' என்றொரு கலையரங்கம் இருந்தது. அங்கே 'இன்ஸ்டால்' என்னும் பெயரால் புதுமுறை இசைக்கு ஒரு விழா நடந்துவந்தது. 2004-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவ்விழாவில் முன்னறிவிப்பில்லாத ஒருவர் மேடைக்கு வந்தார். மெலிந்த தேகம், கருப்பு உடை, தலையிற் கருப்புத் தொப்பி. கையிற் கித்தார். எதிரே பாட்டெழுதிய தாள்களைத் தாங்கிய சட்டம். வணக்கம் இல்லை, பெயர் சொல்வார் இல்லை. பழைய தட்டுக்களின் உறைப்படத்தை நினைவில் வைத்திருந்தோர், அவ்வாலிப முகமே நடுவயதடைந்து எதிரில் நிற்பதைக் கண்டனர். அறியாதோர், யாரோ ஒருவர் பாடுகின்றார் என்று கேட்டிருந்தனர். அவ்வரங்கத்தில் அன்று இருவகையினரும் பக்கம் பக்கமாக நின்றிருப்பர் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகின்றது. ஒருவர்க்கு இருபது வருஷக் கேள்விக்கு விடை. அடுத்தவர்க்கு மாலைப்பொழுதின் ஓர் உருப்படி.

பாடியவை பழம் பாட்டுக்களல்ல, எல்லாம் புதியன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பாடிவிட்டு, அவையோரை நோக்கி ஒரு வார்த்தையும் பேசாமலே அவர் மேடையை விட்டு நீங்கினார். மறு வருஷம் அக்கச்சேரி 'கிளாஸ்கோ ஸண்டே' என்னும் தட்டாக வெளிவந்தது. கார்வுட்டார் அவரை ஜாண்டெக் என்று சொல்லவுமில்லை. 'கார்வுட்டின் பிரதிநிதி' என்பதே அவர்கள் வழங்கிய பெயர். ஊரெல்லாம் பார்க்க மேடையில் நின்றும் மறைவை விடாத சாமர்த்தியம் இது. முகத்தைக் கொடுத்தார், பெயரைக் கொடுத்தாரில்லை. அவரது இயற்பெயர் என்று ஒன்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். அவரே சொல்ல விரும்பாததை நாம் ஏன் இங்கு எழுதவேண்டும்?

மேற்சொன்ன வழக்கிற்கு இக்கச்சேரியே சாட்சியாயிற்று என்பது நம் துணிபு. என்னை? அன்று அவருடன் இருவர் வாசித்தனர். பேஸ் கித்தார் வாசித்தவர் ரிச்சர்ட் யங்ஸ். முழவுகளை வாசித்தவர் அலெக்ஸ் நீல்ஸன். இருவரும் புதுமுறை இசையில் தேர்ந்தவர். பக்கவாத்தியம் வாசிப்போர் பற்றிக்கொள்ள இரண்டு பிடிகள் உண்டு: ஒன்று சுருதி, மற்றொன்று தாளம். இங்கே இரண்டும் இல்லை. எண்ணி நிறுத்தத் தாளம் இல்லாத பாட்டிற்கு முழவு வாசிப்பது எங்ஙனம்? வாசிப்பவர் காலத்தை எண்ணுவதை விட்டு, பாடுகின்றவர் மூச்சையும் கையையும் கவனித்தல் வேண்டும். அவர் சொல்லை இழுக்குமிடத்து முழவு உருண்டு பொங்கும்; நிறுத்துமிடத்து அடங்கும். பேஸ் கித்தாரோ, இணங்கும் ஸ்வரம் எது என்று தேடாது, தடிப்பான ஓர் ஒலித்தளத்தைக் கீழே விரித்துக்கொண்டே போகும். தட்டைப் பொறுமையோடு கேட்போர்க்கு இது விளங்கும். வாய்க்கு வந்ததைச் செய்பவரை இவ்வாறு பின்பற்றுதல் இயலாது. அந்தப் போக்கில் ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும். அதனை மற்றவர் செவி கண்டுகொள்ளல் வேண்டும். தனியறையில் எது கருதியது எது தவறியது என்று அறியக்கூடாதிருந்த நமக்கு, இருவர் உடன் வாசித்த அம்மேடையில் அது புலனாயிற்று.

ஐயம் தீராதவர்க்கு மறு வருஷத்து நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2005-ம் வருஷம் மே மாதம் 22-ம் தேதி ஞாயிறன்று கேட்ஸ்ஹெட்டில் ஒரு கச்சேரி. தட்டிலோ அதன் பெயர் 'நியூகாஸில் ஸண்டே'. இரண்டு ஊரும் டைன் நதியின் இருகரை ஊர்களாதலின், அக்கரையார் மனம் நொந்தனரோ என்னவோ! மறுநாள் திங்கட்கிழமை மீண்டும் கிளாஸ்கோ. இம்முறை அவர் கித்தாரைத் தொடவில்லை, பியானோவின்முன் அமர்ந்தார். பியானோவை வாசிப்பவர் சுருதி கூட்டுவதில்லை. அதற்கென்றே தொழில் பயின்றவர் முன்னமே வந்து கூட்டி வைத்துப் போவர். ஆகவே பிசகுக்கே இடமில்லை. அங்கு அவர் வாசித்தது 'தி செல்' என்னும் நீண்ட கோவை. ஒரு முன்னுரையும் ஒன்பது பாகங்களும் உடையது. மெல்ல மெல்ல, இடையிடையே நெடிய மௌனம் விட்டு, ஒவ்வொரு ஸ்வரமாக இறக்கிவைத்து அதனை நடத்தினார். சுருதி சுத்தமாயிருந்தது, தனிமை முன்போலவே இருந்தது. யங்ஸும் நீல்ஸனும் அன்றும் உடனிருந்தனர். 'கிளாஸ்கோ மண்டே' என்று இஃது 2006-ல் வெளிவந்தது. ஜாண்டெக்கை முதன்முறை கேட்க விரும்பும் நண்பர்கட்கு நாம் கொடுப்பது இந்தத் தட்டையே. முதல் தட்டைக் கொடுத்து இரண்டு நண்பர்களை இழந்திருக்கின்றோம்.

பழைய ரசிகர்களுள் சிலர் இம்மேடையேற்றத்தால் வருந்தினர் என்பதையும் மறைத்தல் தகாது. நள்ளிரவில் தனியே அத்தட்டுக்களைக் கேட்டு, முகமற்ற குரலுக்குத் தம் மனத்தில் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தவர் அவர். கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்கிப் பார்க்கக்கூடியவராக அவர் ஆகிவிட்டமை அவர்கட்கு நஷ்டமே. அந்த நஷ்டத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் நஷ்டமடைந்தவர் கேட்டவர், பாடியவர் அல்லர். அறைக்குள் இருபத்தாறு வருஷம் பெரும்பாலும் தனியே வாசித்த கையொன்று, தன் ஒலிக்கு மற்றொரு கையினின்று உடனே விடை வர அம்மேடையிலே கேட்டது. அதன் பிறகு அவர் அதனை விட்டாரில்லை. 2005-ம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் தம் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரிலும், செப்டம்பரில் நியூயார்க்கிலும் பாடினார். பின்னும் பல நகரங்களில், பல கலைஞர்களைத் துணைக்கொண்டு, ஒரு முறை கித்தார், ஒரு முறை பியானோ, ஒரு முறை பேஸ் கித்தார் என்று மாற்றி மாற்றிக் கச்சேரி செய்தார். தட்டுக்களின் பெயரோ ஊரும் கிழமையுமாகவே நீண்டது: 'ஆஸ்டின் ஸண்டே', 'மன்ஹாட்டன் டியூஸ்டே', 'புரூக்லின் வெட்னஸ்டே'.

ஆர்ச்சஸ் அரங்கம் 2015-ம் வருஷத்தில் மூடப்பட்டது. முதற் கச்சேரியன்று அங்கிருந்தோர்க்கும் இல்லாதார்க்கும் இப்பொழுது பொதுவாய் எஞ்சியிருப்பது 'கிளாஸ்கோ ஸண்டே' என்னும் தட்டு ஒன்றே. அதனை நாம் மறுபடியும் அறையில் ஓட்டிய அன்று அடுத்த அறை நண்பர் எட்டிப் பார்த்தார். சுருதியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "முழவு வாசிப்பவர் யார்?" என்று கேட்டு, உட்கார்ந்துகொண்டார்.