சென்று மீளும் வினைகள்: ‘பள்ளிகொண்டபுர’த்தை முன்வைத்துச் சில மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கதைகளுக்கு எச். ஜி. வெல்ஸ் 1895இல் ஓர் இயந்திரத்தைக் கொடுத்தார். ஜப்பானிய எழுத்தாளர் தொஷிகஸு கவகுச்சி 2015இல் வெளியிட்ட நாவலில் ஒரு காப்பிக் கடையின் நாற்காலியே போதுமானதாகிறது. காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சென்றவர் அங்கே என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது என்பது அக்கடையின் விதி. மாறாது எனத் தெரிந்தும் செல்கின்றனர். பிரிந்தவரைக் காணவும், சொல்லாமல் விட்டதைச் சொல்லவுமே செல்கின்றனர்.

நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) நாவலில் இயந்திரமும் இல்லை, காப்பியும் இல்லை. விதி மட்டும் அதுவே. ஐம்பது வயதை எட்டிய அனந்தன் நாயர் திருவனந்தபுரத்தின் தெருக்களில் நடக்கிறார். தம்மைவிட்டு மேலதிகாரியிடம் சென்றுவிட்ட மனைவி கார்த்தியாயினியும், தாயின்றித் தாம் வளர்த்த மகனும் மகளும் அவர் நினைவில் வந்துபோகின்றனர். கதை நிகழும் காலம் ஏறத்தாழ இரண்டு நாள்கள். நினைவு செல்லும் தொலைவோ ஒரு முழு வாழ்க்கை. அவருடைய மரணத்தோடு நாவல் முடிகிறது. பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே உள்ள மேத்தன் மணியில், மணிக்கொரு முறை இரு கடாக்கள் ஒரு தாடிக்காரரின் கன்னங்களில் முட்டும்படி பொறி அமைக்கப்பட்டது. அந்தக் காலக்கணக்கிற்குக் கட்டுப்படாத வேறொரு காலம் நாவலில் ஓடுகிறது. அதை ஓட்டுவன பெரும்பாலும் வினைமுற்றுகளே.

ஒரு காலத்திற்குரிய வினை இன்னொரு காலத்தில் வருவதைத் தமிழ் இலக்கணிகள் வழுவமைதியாக ஏற்றனர். நன்னூலார் அதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு எனக் காரணங்கள் கூறுகிறார். இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு. மனம் வருந்திப் பின்னோக்குவதற்கு இப்பட்டியலில் தனியிடம் இல்லை; ஆயினும் தற்காலத் தமிழ் அதற்கென ஒரு வடிவத்தை உருவாக்கிக்கொண்டுள்ளது. ‘சொல்லியிருக்கலாம்’ என்பது அது.

இவ்வடிவம் இருபொருள் உடையது. ‘அவள் அன்றே சொல்லியிருக்கலாம்’ என்னும் தொடரை (இது விளக்கத்திற்காக அமைத்த தொடர், நாவலில் உள்ளதன்று) எடுத்துக்கொள்வோம். சொன்னாளோ இல்லையோ தெரியவில்லை, சொன்னதற்கு வாய்ப்பு உண்டு என்பது ஒரு பொருள். அவள் சொல்லவில்லை, சொல்லாதது குறையாயிற்று என்பது மற்றொன்று. முன்னது ஊகம், பின்னது ஏக்கம். ‘சொல்லியிருக்கலாமே’ என ஏகாரம் பெற்றால் ஏக்கம் மேலோங்கும். பெறாதபோது சூழலே தீர்ப்பளிக்க வேண்டும். ‘சொல்லியிருக்க வேண்டும்’ என்பதும் இவ்வாறே கட்டாய ஊகத்திற்கும் தவறிய கடமைக்கும் பொதுவாக நிற்கிறது.

மலையாளம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. ஊகத்திற்குப் ‘பறஞ்ஞிரிக்காம்’, ஏக்கத்திற்குப் ‘பறயாமாயிருந்நு’. முதலாவதில் ‘ஆம்’ இறுதியில் நிற்கிறது. இரண்டாவதில் ‘ஆம்’ உள்ளே சென்று, இறந்தகாலத் துணைவினை இறுதியில் வந்து, வாய்ப்பையே கடந்துபோன ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே தமிழிலிருந்து மலையாளத்திற்குப் பெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். சந்தேகத்திற்கும் வருத்தத்திற்கும் நடுவில் ஒரு கணவனின் மனம் ஊசலாடும் இடத்தில் இத்தேர்வு சிறியதன்று. இன்னொன்றும் நோக்கத்தக்கது. நாவல் மாந்தர் மலையாளிகள். அவர்கள் தமக்குள் மலையாளத்தில்தான் நினைத்திருப்பர். அவ்வகையில் தமிழ் மூலமே ஒரு மொழிபெயர்ப்பு எனலாம். மலையாளப் பெயர்ப்பு என்பது சொந்த ஊர் திரும்புதல். அங்கே போனதும் அவர்களுடைய நினைவுகள் தமிழில் இருந்ததைவிடத் தெளிவானவையாகிவிடுகின்றன. இத்தெளிவு ஆதாயமா இழப்பா என்பது எளிதில் தீராத கேள்வி; நனவோடை நாவலைப் பொறுத்தவரை இழப்பின் பக்கமே எடை கூடுதல்.

இட விகுதியில் நிலைமை வேறு. ‘சொன்னேன்’, ‘சொன்னாள்’, ‘சொன்னார்’ என்னும் மூன்றையும் எழுவாய் இன்றியே தமிழ் வேறுபடுத்துகிறது. இன்றைய மலையாளம் இவ்விகுதிகளை இழந்துவிட்டதால் எல்லாவற்றிற்கும் ‘பறஞ்ஞு’ ஒன்றே. பெயர்ப்பாளர் சுட்டுப்பெயர்களைச் சேர்க்க நேர்கிறது. நினைவோட்டத்தில் இந்த ‘அவள்’, ‘ஞான்’ ஆகியவை அடிக்கடி வந்தால் ஓட்டம் தடைப்படும். ஆனால் ‘சொல்லியிருக்கலாம்’ என்ற இடத்தில் தமிழும் விகுதி அற்றதாகிவிடுகிறது. சொல்லியிருக்க வேண்டியவள் அவளா, கேட்டிருக்க வேண்டியவர் தாமா? வினைமுற்று விடை சொல்வதில்லை. குற்றம் சாட்டுவதற்கும் தன்னைத்தானே நொந்துகொள்வதற்கும் தமிழில் ஒரே வடிவம் போதுமானதாக இருப்பது, இத்தகைய நாவலுக்கு வாய்த்த பேறு.

விடைபெறும் சொல்லிலும் இந்த ‘ஆம்’ வருகிறது. தமிழர் ‘போகிறேன்’ என்று நிறுத்துவதை மங்கலமாகக் கருதுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பர். மலையாளத்தில் ‘போயி வராம்’. அங்கே தன்மையில் வரும் ‘ஆம்’ வாக்குறுதிப் பொருள் தருவது. ‘பறயாமாயிருந்நு’ என்பதில் தவறிய வாய்ப்பைக் குறிக்கும் அதே உறுப்பு, வாசற்படியில் நிற்பவர் வாயில் திரும்பி வருவேன் என்ற உறுதியாகிறது. தமிழ்ப் பெயர்ப்பில் ‘வருகிறேன்’ என நிகழ்காலம் வருவதால் இவ்வுறவு மறைந்துபோகும்.

துக்க வீட்டிலிருந்து புறப்படுவோர் ‘போய் வருகிறேன்’ என்பதில்லை. சொல்லிக்கொள்ளாமலே எழுந்து செல்வர். மரணத்தில் முடியும் கதைகளில் அந்தச் சொல் வராமல் போவதும் ஒரு குறிப்பே. அதை உணராமல் ‘விடைபெற்றான்’ என்று நிரப்பும் பெயர்ப்பு, மூலம் மௌனமாக விட்ட இடத்தில் பேசிவிடுகிறது.

ஜப்பானியரும் வீட்டை விட்டுப் புறப்படும்போது ‘இத்தெ கிமஸ்’ என்பர். ‘இத்தெ’ என்பது ‘போய்’ என்னும் எச்சம். ‘கிமஸ்’ என்பது ‘வருகிறேன்’. சொல்லுக்குச் சொல் தமிழே. அம்மொழியிலிருந்து நேரே தமிழாக்குபவருக்கு இத்தொடர் எந்த உழைப்பையும் கேட்பதில்லை. ஆங்கிலம் வழியாக வருபவருக்கோ, அதிலிருந்த ‘வருதல்’ பெரும்பாலும் நடுவழியிலேயே கழன்றுபோயிருக்கும்.