"அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன்!"

கச்சேரி கேட்பதில் இரண்டு வித இன்பங்கள் உண்டு. ஒன்று, கேட்கும்போதே உண்டாவது. மற்றொன்று, அநேக வருஷங்களுக்குப் பிறகு, "அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன்!" என்று பிறரிடம் சொல்லிக் கொள்ளும்போது உண்டாவது. இரண்டாவது இன்பம் முதலாவதைவிடச் சற்றுப் பெரியது என்றுகூடச் சொல்லலாம். முதல் இன்பத்துக்கு டிக்கட் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு அதுகூட அவசியமில்லை!

இந்த விஷயத்தில் உலகத்து ரஸிகர்கள் எல்லாரும் ஒரே குலத்தவர்கள்தாம். எந்தத் தேசமானாலும், எந்தச் சங்கீதமானாலும், ஒரு கலைஞர் பேர் பெற்றுவிட்ட பிறகு, அவர் பேர் பெறாத காலத்தில் கேட்டவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகும். இங்கிலாந்தில் இந்த வகையில் மிக அதிகமாக வளர்ந்திருப்பது பீட்டில்ஸ் கோஷ்டியாரின் ஆரம்ப காலத்து ரஸிகர் கூட்டம். ஜான் லென்னன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார் என்ற நாலு லிவர்பூல் வாலிபர்களைப் பற்றி நம் நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1968-ம் வருஷத்தில் ரிஷிகேசத்துக்கு வந்து மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கினார்களே, அவர்களேதான்.

அவர்களுடைய ஆரம்பக் கச்சேரிகளைக் கேட்டவர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கும் விஷயங்களைப் பார்த்தால், வேடிக்கையோடு விவேகமும் கிடைக்கிறது.

ஜெர்மானியர் என்று நினைத்தார்கள்

1960-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி லிவர்பூலை அடுத்த லிதர்லாண்டு நகர மண்டபத்தில் ஒரு நடனக் கச்சேரி நடந்தது. பீட்டில்ஸ் கோஷ்டியார் அப்போதுதான் ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் பட்டணத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். ஆகையால் அவர்களை "நேரே ஹாம்பர்க்கிலிருந்து" வந்தவர்கள் என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். இதைப் படித்த சில ரஸிகர்கள் அவர்களை ஜெர்மானியர்கள் என்றே நம்பிவிட்டார்கள். கச்சேரி முடிந்த பிறகு, "நீங்கள் இவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசுகிறீர்களே!" என்று வியந்து பாராட்டியவர்களும் உண்டாம்.

ஆனால் அன்றிரவு மண்டபத்தில் இருந்தவர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பது இந்த வேடிக்கையை மட்டும் அல்ல. முதல் பாட்டு ஆரம்பமானதுமே, நடனமாட வந்திருந்தவர்கள் ஆட்டத்தை மறந்து மேடையை நோக்கி நெருங்கினார்கள் என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகச் சொல்கிறார்கள். ஹாம்பர்க்கில் அந்த வாலிபர்கள் சாதாரண நாட்களில் நாலரை மணி நேரமும், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரமும் வாசித்துத் தேறியிருந்தார்கள். இந்த அசுர சாதகத்தைப் பற்றி லிதர்லாண்டு ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் பலன் அவர்களுடைய காதில் விழுந்துவிட்டது. பத்திரிகை சொல்லி அவர்கள் ரஸிக்கவில்லை. காது சொல்லி ரஸித்தார்கள்.

பாதாள அறையும் பதினெட்டுப் பேரும்

பிறகு "காவர்ன்" வந்தது. லிவர்பூலில் மாத்யூ வீதியில், ஒரு பண்டகசாலைக்கு அடியிலிருந்த நிலவறைக்குத்தான் அந்தப் பெயர். 1961-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து 1963 ஆகஸ்டு 3-ந் தேதி வரையில் பீட்டில்ஸ் கோஷ்டியார் அங்கே சுமார் முந்நூறு தடவை வாசித்திருக்கிறார்கள். மத்தியான வேளைக் கச்சேரிகளுக்கு ஆபீஸ்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த பெண்களும் வாலிபர்களும் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வருவார்கள்.

அவர்களைக் கேட்டால் பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வாசனையைப் பற்றிச் சொல்வார்கள். கிருமிநாசினி மருந்தின் நெடி, வியர்வை, பக்கத்துப் பண்டகசாலைகளிலிருந்து வந்த அழுகிய பழங்களின் நாற்றம் எல்லாம் கலந்து உடுப்பிலே ஏறிவிடுமாம். மூச்சுக் காற்றின் ஈரம் செங்கல் சுவர்களில் நீராக வழியுமாம். வேலைக்குத் திரும்பியவர்கள் எங்கே போய்விட்டு வந்தார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை! எந்த இயந்திரமும் பதிவு செய்ய முடியாத விஷயம் இது. மனித ஞாபகம் ஒன்றுதான் இதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

இயந்திரம் பிடித்து வைத்ததும் கொஞ்சம் உண்டு. 1962 ஆகஸ்டு 22-ந் தேதி கிரானடா டெலிவிஷன்காரர்கள் அந்த நிலவறைக்கு வந்து படம் பிடித்தார்கள். டிரம் வாசித்து வந்த பீட் பெஸ்டை விலக்கிவிட்டு ரிங்கோவைச் சேர்த்துக்கொண்டு சில நாட்களே ஆகியிருந்த சமயம். பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து, "எங்களுக்குப் பீட்தான் வேண்டும்!" என்று ஒரு குரல் கிளம்புகிறது. பிற்காலத்தில் ரிங்கோவை உலகமே கொண்டாடியது. ஆனாலும் அந்த ஒரு குரல் அந்தப் படத்தில் அழியாமல் நின்று, தன் அதிருப்தியை இன்றைக்கும் தெரிவித்துக்கொண்டிருக்கிறது.

காவர்னில் கூட்டம் நெருக்கித் தள்ளியது என்பதனால் எல்லா ஊரிலும் அப்படியே என்று எண்ணிவிட வேண்டாம். 1961 டிசம்பர் 9-ந் தேதி தென் இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட் என்னும் ஊரிலே ஒரு கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. விளம்பரம் பத்திரிகையில் வராமற் போய்விட்டது. கச்சேரிக்கு வந்து சேர்ந்தவர்கள் பதினெட்டுப் பேர்! அன்று எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன. விசாலமான நடன மண்டபத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் நிற்கிறார்கள். மேடையில் இருப்பவர்களோ வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் வீடு திரும்பியபோது தங்களுக்குக் கிடைத்தது இன்னதென்று அறிந்திருக்க நியாயமில்லை.

பள்ளிக்கூடத்துக் கச்சேரி

இவற்றையெல்லாம்விட அதிசயமான கதை பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஸ்டோ பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த பெரிய மாளிகையில் 1923-ல் ஸ்தாபிக்கப்பட்ட பள்ளிக்கூடம் அது. மாணாக்கர்கள் அங்கேயே தங்கிப் படிப்பவர்கள். அவர்களில் லிவர்பூலைச் சேர்ந்த டேவிட் மூர்ஸ் என்ற பையனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பீட்டில்ஸ் கோஷ்டியின் நிர்வாகியான பிரையன் எப்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதினான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து கச்சேரி செய்ய முடியுமா என்று கேட்டான். அந்தப் பையனேதான் பின்னாளில் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் தலைவராக விளங்கியவர். எப்ஸ்டீன் சம்மதித்தார். சன்மானம் 100 பவுன் என்று தீர்மானமாயிற்று.

1963 ஏப்ரல் 4-ந் தேதி கச்சேரி நடந்தது. அந்தச் சமயத்தின் விசேஷத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 11-ந் தேதி ஒரே நாளில் பத்துப் பாட்டுக்களைப் பாடிப் பதிவு செய்து தயாரித்த அவர்களுடைய முதல் பெரிய இசைத்தட்டு, மார்ச்சு 22-ந் தேதிதான் கடைகளுக்கு வந்திருந்தது. அதாவது, ஊரெல்லாம் பெயர் பரவத் தொடங்கிவிட்டது. ஆனால் கூச்சல் இன்னும் பாட்டை மூழ்கடித்துவிடவில்லை. மேலும், ஸ்டோ மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் பையன்கள். மற்ற ஊர்களில் ரஸிகைகள் கிறீச்சிட்டு அலறத் தொடங்கியிருந்த காலத்தில், இங்கே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் ஒரு சபை வாய்த்தது.

அந்தச் சபையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இயந்திரங்களில் மோகம் கொண்டவன். தன் புது டேப் ரிக்கார்டரைப் பரீட்சித்துப் பார்க்க இது நல்ல சந்தர்ப்பம் என்று எண்ணிக் கச்சேரியைப் பதிவு செய்துவிட்டான். சரித்திரத்துக்குச் சேவை செய்கிறோம் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். பதினைந்து வயதில் யார்தான் அப்படி நினைப்பார்கள்?

அந்த நாடாவைப் பற்றி வெளியுலகத்துக்கு அறுபது வருஷ காலம் ஒன்றும் தெரியாது. 2023-ம் வருஷம், கச்சேரியின் அறுபதாவது ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.ஸி. வானொலியைச் சேர்ந்த ஸமீரா அஹமது அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய மாணாக்கர்களைச் சந்தித்து ஒரு நிகழ்ச்சி தயாரித்தார். அப்போதுதான், கிழப்பருவம் எய்திவிட்ட அந்த "பையன்", "கச்சேரியின் பதிவு என்னிடம் இருக்கிறது" என்று தெரிவித்தார். சுமார் ஒரு மணி நேரத்துப் பதிவு! பீட்டில்ஸ் கோஷ்டியார் இங்கிலாந்தில் செய்த கச்சேரிகளில், கிட்டத்தட்ட முழுமையாகப் பதிவாகி இன்று வரையில் தெரியவந்திருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது.

அதில் என்ன கேட்கிறது? பாட்டு கேட்கிறது! கித்தாரும் டிரம்மும் தெளிவாகக் கேட்கின்றன. சொந்தமாக இயற்றிய பாட்டுக்களும், அமெரிக்க ராக் வித்வான்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டுக்களும் மாறி மாறி வருகின்றன. இடையிடையே பாடகர்கள் கேலி பேசுகிறார்கள். பையன்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டின் பெயரைக் கத்திக் கேட்கிறார்கள். அன்று அங்கிருந்தவர்கள் அறுபது வருஷமாக, "அவர்கள் பிரமாதமாக வாசித்தார்கள்" என்று சொல்லி வந்தது கிழவர்களின் மிகைக் கூற்று அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது.

கூட்டம் பெருகிற்று, கேள்வி குறைந்தது

இதற்கு நேர்மாறான காட்சியையும் பார்த்துவிடலாம். 1965 ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க்கில் ஷே மைதானத்தில் நடந்த கச்சேரிக்கு 55,600 பேர் வந்திருந்தார்கள். அதற்கென்றே அதிகச் சக்தியுள்ள ஒலிபெருக்கிகளைத் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. கூட்டத்தின் கோஷத்தில் பாட்டு கரைந்து போயிற்று. மேடையில் இருந்தவர்களுக்குத் தாங்கள் வாசிப்பது தங்கள் காதிலேயே விழவில்லை. அங்கே போயிருந்தவர்கள் இன்று நினைவு கூரும்போது, "பார்த்தேன்" என்று சொல்வார்கள். "கேட்டேன்" என்று சொல்லத் தயங்குவார்கள்.

மறு வருஷம், 1966 ஆகஸ்டு 29-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் காண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் நடந்ததே, டிக்கட் வைத்து அவர்கள் செய்த கடைசிக் கச்சேரி. பால் மக்கார்ட்னி கேட்டுக்கொண்டபடி, கோஷ்டியின் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோ அதை ஒரு சிறு கருவியில் பதிவு செய்தார். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது! பள்ளிக்கூடத்துப் பையனின் நாடாவில் ஒரு மணி நேரம் அகப்பட்டது. உலகப் புகழின் உச்சியில் நடந்த இறுதிக் கச்சேரியோ பாதிப் பாட்டில் அறுந்து நிற்கிறது. இந்த முரண்பாட்டைக் கதாசிரியன் எவனாவது கற்பனை செய்து எழுதியிருந்தால், நம்ப முடியாதென்று நாம் சொல்லியிருப்போம்.

காது கேளாத கூட்டத்துக்கு வாசித்து வாசித்து அவர்கள் மனம் சலித்ததும் மேடையைத் துறந்ததற்கு ஒரு முக்கிய காரணம். அதன் பிறகு ஒலிப்பதிவு மண்டபத்துக்குள்ளேயே சங்கீதத்தை வளர்த்தார்கள். அதனால் இசைத்தட்டு உலகத்துக்குப் பெரிய லாபந்தான். ஆனால் ஒரு கலைஞனை ரஸிகர்களின் அன்பே மேடையிலிருந்து விரட்டிவிட முடியும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா? கைதட்டல் கலைஞனுக்கு உணவு; உண்மைதான். ஆனால் கைதட்டலுக்கு முன்னால் மௌனம் என்று ஒன்று இருக்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் சங்கீதம் வாழ்கிறது.

ஆதலின், லிதர்லாண்டிலும் காவர்னிலும் ஸ்டோவிலும் கேட்டவர்கள் பெருமைப்பட்டுக் கொள்வதில் தவறே இல்லை. "பெரிய மனிதர்களைப் பார்த்தோம்" என்பதல்ல அவர்களுடைய பெருமை. அப்போது அவர்கள் பெரிய மனிதர்களே அல்ல. "கேட்கக் கூடிய காலத்தில் கேட்டோம்" என்பதே உண்மையான பெருமை. காவர்ன் நிலவறையை 1973-ல் மூடி, மேலிருந்த கட்டிடத்தை இடித்தார்கள். 1984-ல் பழைய செங்கற்களில் பலவற்றைக் கொண்டே திரும்பவும் கட்டினார்கள். ஜான் லென்னன் 1980-லும் ஜார்ஜ் ஹாரிஸன் 2001-லும் காலமாகிவிட்டார்கள். செங்கல்லைத் திரும்ப அடுக்கலாம். அந்த மத்தியான வேளைகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அவை கேட்டவர்களின் ஞாபகத்திலேதான் இருக்கின்றன.

இன்று மாலையும் எந்த ஊரிலேனும் ஒரு சிறு மண்டபத்தில், பெயர் தெரியாத இளைஞர் யாராவது பதினெட்டுப் பேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கக் கூடும். நாளைக்கு அவர் உலகப் புகழ் பெறுவாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் பத்தொன்பதாவது ஆளாகப் போய் உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு, "அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன்" என்று சொல்லும்போது, அது நிஜமாகவும் இருக்குமல்லவா?