தமிழ்ப்படம் 2

தமிழ்ப்படம் 2, 2018 ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று வெளிவந்த தமிழ் நையாண்டித் திரைப்படமாகும். சி. எஸ். அமுதன் இயக்கிய இப்படத்தை எஸ். சசிகாந்தின் ஒய்நாட் ஸ்டுடியோஸ் நிறுவனம் தயாரித்தது. சிவா, ஐஸ்வர்யா மேனன், திஷா பாண்டே, சதீஷ் முதலானோர் நடித்துள்ளனர். இசையமைப்பாளர் என். கண்ணன். 2010 ஜனவரி 29 அன்று வெளிவந்த தமிழ்ப்படம் என்னும் திரைப்படத்தின் தொடர்ச்சி இது. நேர்மையான காவல் அதிகாரியைப் போற்றும் அதிரடித் திரைப்படங்களின் வழமைகளை அளவுகடந்து மிகைப்படுத்தி எள்ளுவது இப்படத்தின் சிறப்பியல்பு ஆகும்.

நையாண்டித் திரைப்படம்

ஒரு திரைப்பட வகையின் வழமைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றை நம்ப முடியாத எல்லை வரை இட்டுச் செல்வது நையாண்டித் திரைப்படம் எனப்படும். இதில் நகைச்சுவைக்கெனத் தனிப் பாத்திரம் தேவையில்லை. நாயகன் சிரிக்காமல், தீவிரமான முகத்துடன் நடிப்பதே நகைப்பை உண்டாக்குகின்றது. காவலர் படங்களை இவ்வாறு எள்ளிய ஆங்கிலத் திரைப்படங்களுக்கு த நேக்கட் கன் (1988), ஹாட் ஃபஸ் (2007) ஆகியவை எடுத்துக்காட்டுகளாகும்.

கதைச் சுருக்கம்

இரு பிரிவினரிடையே மூண்ட கலவரத்தைச் சிவா தனது பேச்சினாலேயே தணிக்கின்றான். மீண்டும் காவல்துறையில் சேருமாறு விடுக்கப்படும் அழைப்பை அவன் ஏற்க மறுக்கின்றான். கைப்பேசி வெடிகுண்டால் அவன் மனைவி கொல்லப்படவே, பழிவாங்கும் பொருட்டுப் பணியில் சேர்ந்து, 'பி' என்னும் குற்றவாளியைத் தேடிச் செல்கின்றான். இருவரின் பகை முற்பிறவியிலிருந்தே தொடர்வதாகவும் காட்டப்படுகின்றது.

எள்ளப்படும் மரபு

தமிழ்த் திரையில் கடமை தவறாத காவல் அதிகாரி நெடுங்காலமாக இடம்பெற்று வரும் பாத்திரமாகும். தங்கப்பதக்கம் (1974) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற அதிகாரி, கடமைக்காகப் பெற்ற மகனையே சுடுகின்றார். மூன்று முகம் (1982), வால்டர் வெற்றிவேல் (1993), சாமி (2003), சிங்கம் (2010) ஆகியவை இம்மரபை வளர்த்தன. இவ்வகைப் படங்களில் இரு வழமைகள் குறிப்பிடத்தக்கவை.

* மனைவியின் மரணம்: காக்க காக்க (2003), வேட்டையாடு விளையாடு (2006), தெறி (2016) ஆகியவற்றில் நாயகனின் மனைவி கொல்லப்படுகின்றார். தமிழ்ப்படம் 2 இன் கைப்பேசி வெடிகுண்டு இவ்வழமையின் மிகைவடிவம் ஆகும்.

* சட்டத்தை மீறும் நீதி: நாயகன் நல்லவன் என்பதால் அவன் நீதிமன்றத்தை நாடாமல் கொல்வதும் நியாயமாகின்றது. சாமி படத்தில் நாயகன் வில்லனைக் கொன்று செங்கற்சூளையில் எரித்துவிட, வில்லன் தலைமறைவாகிவிட்டதாக ஊர் நம்புகின்றது. இதற்குத் திரையரங்கில் கைதட்டல் கிடைப்பதே இவ்வகையின் அடிப்படை.

எள்ளலும் சமூகமும்

இவ்வழமைகள் திரையோடு நின்றுவிடுவன அல்ல என்ற விவாதம் 2020 இல் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவல்துறையினரால் கைதுசெய்யப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். இதனையடுத்து சாமி, சிங்கம் படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார்.

தமிழ்ப்படம் 2 காவல் வன்முறையை நேரடியாக விமர்சிக்கும் படமன்று. அப்பணியை விசாரணை (2016), ஜெய் பீம் (2021) போன்ற படங்கள் செய்தன. எனினும், தனியொருவனின் நேர்மையை நம்பிச் சட்டத்தை அவன் கையில் ஒப்படைக்கும் கதையமைப்பு எத்துணை செயற்கையானது என்பதை இதன் மிகைப்படுத்தல் வெளிக்காட்டுகின்றது. கைதட்டிய அதே காட்சியை மறுமுறை காணும்போது சிரிப்பு வருமாயின், அக்காட்சி எவ்வாறு புனையப்பட்டது என்பதைப் பார்வையாளர் அறிந்துகொண்டார் எனலாம்.