நோவற்ற நெறியே அவதானத்திற்குரியது

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு நெறி கட்டுவது புதிய விடயமல்ல. மீன் முள்ளோ சிப்பியோ குத்திய காலில் சீழ்பிடித்தால் அரையில் நெறி கட்டும்; புண் ஆறியதும் வற்றிவிடும். இந்த அனுபவமே எல்லா நெறியும் தானாக வற்றிவிடும் என்ற தவறான நம்பிக்கைக்கும் இடமளித்துவிடுகின்றது.

நெறி என நாம் கூறுவது நிணநீர்க் கணுக்களின் வீக்கத்தையே. எமது உடலில் ஏறத்தாழ 600 கணுக்கள் உள்ளன. உட்புகும் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவலரண்கள் அவை. சொத்தைப் பல், தொண்டைப்புண், தலையில் சிரங்கு ஆகியவற்றால் கழுத்திலும், கைப்புண்ணால் கக்கத்திலும் நெறி கட்டும். அவ்வாறான நெறி பெரும்பாலும் தொட்டால் நோகும். ஓரிரு வாரங்களில் தணியும்.

நோவின்றி வளரும் நெறியோ வேறு கதை சொல்லக்கூடும். காசநோய் நுரையீரலை மட்டுமன்றிக் கழுத்துக் கணுக்களையும் தாக்கும். முன்னோர் கண்டமாலை என அழைத்தது பெரும்பாலும் இதனையே. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவதால் உண்டாகும் வாய்ப் புற்றுநோய், கழுத்துக்குப் பரவும்போது கல் போன்ற கட்டியாகத் தென்படும். கணுக்களிலேயே தோன்றும் புற்றுநோயும் உண்டு. நோவு நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கின்றது. நோவின்மையோ அவரை வீட்டிலேயே இருத்திவிடுகின்றது. ஆபத்து இங்கேதான் உள்ளது.

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நெறி, இறுகி அசையாத நெறி, காறை எலும்புக்கு மேலுள்ள நெறி, காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றோடு வரும் நெறி என்பன தாமதமின்றி வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியவை. இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன் என்பவற்றுடன் ஊசி மூலம் கணுவின் மாதிரியை எடுத்தோ, தேவைப்படின் கணுவையே அகற்றியோ ஆராய்ந்து காரணம் கண்டறியப்படும். அதற்கு முன்னர் எண்ணெய் தேய்ப்பதும், பற்றுப் போடுவதும், மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதும் நோயை மறைத்துக் காலத்தைக் கடத்துவதாகவே முடியும்.

அயல் மாவட்டமான புத்தளம் உட்பட 8 மாவட்டங்களில் நிலவிய யானைக்கால் நோயும் நெறியை வீங்கச் செய்வதே. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் இலங்கையில் நீங்கிவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. தேடிக் கண்டறிந்து மருந்தளித்ததன் பயன் அது. கணுக் காசநோயும் வழக்கமாக 6 மாத மருந்தில் குணமாகக்கூடியது. அரச வைத்தியசாலைகளில் அதற்குக் கட்டணமும் இல்லை.

ஒரு நாள் கடலுக்குச் செல்லாவிடின் அன்றைய உலை கொதிக்காத குடும்பங்கள் பல உள்ளன என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஒரு நாள் உழைப்பைக் காக்கப்போய் உழைப்பவரையே இழந்துவிடலாகாது. மக்கள் தாமதியாது வர வேண்டும்; வருவோரின் பரிசோதனை முடிவுகள் தாமதியாது கிடைப்பதைச் சுகாதாரத் துறையினர் உறுதி செய்ய வேண்டும்.