ஓசூர் கம்பெனிகளில் இளையோரைத் தக்கவைப்பது எது?

ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு முற்றும் நேரம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வனச்சரகத்துக்குள் இறங்கி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நகரும். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணை கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுகிறதா, ஊருக்குள் கொண்டுவந்து விடுகிறதா என்பது இந்தப் பகுதி வீடுகளில் சம்பளத்துக்கு இணையான கேள்வி. “போதும், நின்னுடு” என்று அப்பா சொல்வதற்கு வழியில் ஒரு யானை நின்றால் போதும்.

இளம் ஊழியர்களைத் தக்கவைக்க ‘நோக்கம்’ வேண்டும், ‘பணியிடப் பண்பாடு’ வேண்டும் என்று மனிதவளக் கூட்டங்களில் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் அது சுவரில் ஒட்டிய வாசகத்திலோ பொங்கலுக்கு நடத்தும் கோலப் போட்டியிலோ இல்லை. ஓசூருக்கு இதில் பழைய அனுபவமே உண்டு.

தமிழக அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்தபோது கைக்கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. செர்க்சஸ் தேசாய் தலைமையிலான நிர்வாகம், தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவர்கள். தங்க இடம் கொடுத்ததோடு விடாமல், பெற்றோர் ஸ்தானத்திலிருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் நிறுவனம் ஆள் அமர்த்தியது. சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா என்று கேட்க ஒருவர் இருந்தார். இதை நலத்திட்டம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு இது உற்பத்தித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே படுகிறது. நுணுக்கமான வேலைக்குக் கை பழக வருடங்கள் ஆகும். அதுவரை ஆள் இருக்க வேண்டும் அல்லவா? 2002-இல் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமனில், தண்ணீர் புகாத ‘எட்ஜ்’ கடிகாரத்தை டைட்டன் கொண்டுவந்தது. அதன் 1.15 மில்லிமீட்டர் இயந்திரம் ஓசூரில் உருவானது. “இது நாங்க செஞ்சது” என்று வீட்டில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் கிடைத்தது. நோக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்று அளவே வேறு. உத்தனப்பள்ளி அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸுக்கு 2022-இல் ஜார்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் ரயிலேறி வந்தார்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலை முழுக்கப் பெண்களால் இயங்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஆள் சேரும்போது, விடுதியும் சாப்பாடும் பெரும்பாலும் வேறொருவர் கைக்குப் போய்விடுகின்றன.

சிக்கல் வெடிப்பதும் அங்கேதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. பிறகு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் விடுதி கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2025 நவம்பரில் நம் ஓசூர் பக்கத்து நாகமங்கலத்தில், டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண்கள் தங்கிய விடுதிக் குளியலறையில் ரகசிய கேமரா சிக்கியது. பெண்கள் திரண்டு போராடினார்கள். இரண்டு இடத்திலும் லைனில் கோளாறு இல்லை. ஷிஃப்ட் முடிந்து போய்ப் படுக்கும் இடத்தில்தான் நம்பிக்கை உடைந்தது.

பஸ் விஷயத்துக்கு வருவோம். பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்யக் கூடாது என்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தபோதே, வாகன வசதி, பாலியல் தொல்லைத் தடுப்பு உள்ளிட்ட நிபந்தனைகளை விதித்தது. ஆக, பஸ் என்பது நிறுவனம் காட்டும் சலுகை அல்ல. எந்த இடம் வரை வருகிறது என்பதில்தான் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

மிச்சம் இருப்பது பதவி உயர்வு என்ற ஏணி. ஆபரேட்டராகச் சேர்ந்தவள் லைன் லீடர் ஆக முடியுமா, பெர்மனன்ட் ஆவாளா? கான்ட்ராக்டர் பெயரில் அட்டை மாட்டியிருப்பவளிடம் நிறுவனத்தின் லட்சியத்தைப் பற்றிப் பேசினால், அவள் கேட்டுக்கொண்டு அடுத்த கேட்டில் எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரிப்பாள். அவள் கணக்கு சரியானது. தம்பியின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன் என்று அவளுக்கென்று ஒரு நோக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கம்பெனி புதிதாக எதையும் ஊட்ட வேண்டியதில்லை. வேலையை விடும்போது படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்றோ ‘கல்யாணம்’ என்றோ எழுதிக் கொடுப்பாள். அதை அப்படியே கோப்பில் போட்டுவிடும் ஹெச்.ஆர்., அவள் பஸ் எங்கே நின்றது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.