சினமோ, இழப்போ?

சித்தூர்க் கடைத்தெருவில் மாங்காய்க் காலத்தில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் வேடிக்கையான காட்சி ஒன்றைக் காணலாம். கூடைக்காரி தமிழில் விலை சொல்லுகிறாள். வாங்க வந்தவர் தெலுங்கில் குறைத்துக் கேட்கிறார். அவள் தெலுங்கில் மறுத்துவிட்டு, அடுத்த கூடைக்காரியிடம் தமிழில் முறையிடுகிறாள். அவ்வூரார் எவரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. வியப்பும் வருத்தமும் வெளியூரிலிருந்து வருகிற நமக்குத்தான். மும்பையிலோ தில்லியிலோ பல்லாண்டு வாழ்ந்துவிட்டு, வேங்கடவனைச் சேவிக்கவென்று குடும்பத்தோடு காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிறோம். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. வழி கேட்கிறோம், கண்டக்டர் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்ளுகிறார். நெஞ்சில் ஒன்று சுருக்கென்று தைக்கிறது. முகம் சிவக்கிறது. "இதுவும் நம் ஊராக இருந்ததுதானே!" என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து நிற்கிறது.

அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவதா, விழுங்கிவிடுவதா? இவ்விரண்டே வழிகள் உண்டு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது புதியதும் அன்று.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது என்பதை நாம் யாவரும் அறிவோம். எல்லைப் பேச்சு வரும்போதெல்லாம் அதனை எடுத்து வீசவும் தயங்குவதில்லை. ஆனால் அதே நூலின் பொருளதிகாரத்தில் ஆறாவதாக மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருப்பதை நினைப்பவர் சிலரே. வெகுளி, அச்சம், உவகை, அழுகை, நகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என எட்டு மெய்ப்பாடுகளை அது கூறுகிறது. அவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் பட்டியலாக முடிந்திருக்கும். ஒவ்வொன்றும் எந்த எந்த நிலைக்களத்திலிருந்து பிறக்கும் என்று நந்நான்காகவும் வகுக்கிறது. வெகுளிக்கு நிலைக்களம் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு. அதாவது உடலுறுப்பைச் சிதைத்தல், குடிக்கும் சுற்றத்திற்கும் கேடு சூழ்தல், வைதும் புடைத்தும் துன்புறுத்தல், உயிரைப் போக்குதல். அழுகைக்கோ இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் எளியராக எண்ணப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. வறுமையை விளக்க வேண்டுவதில்லை. அசைவு என்பதுதான் நுட்பமானது. முன்னிருந்த நிலை மாறி வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துவதை உரையாசிரியர்கள் அச்சொல்லால் விளக்குவர்.

கவிஞனுக்கும் கூத்தனுக்கும் பயன்படுமாறு எழுந்த இலக்கணம் இது, மனநூல் அன்று. ஆயினும் நமக்கு வேண்டிய ஒரு வினாவை இது கற்பிக்கிறது. உணர்ச்சி வந்தபின் "இதனை என்ன செய்வேன்?" என்று கேட்பதற்கு முன்னே, "இஃது எங்கிருந்து வந்தது?" என்று கேட்க வேண்டும்.

கண்டக்டரிடம் திரும்புவோம். அவர் நம்மை அடிக்கவில்லை, வையவில்லை, நம் குடிக்குக் கேடு சூழவும் இல்லை. வெகுளிக்குரிய நான்கில் ஒன்றும் அங்கே இல்லை. ஆயின் அழுகைக்குரிய நான்கில் மூன்று இருக்கின்றன. நம் மொழி செல்லாத இடத்தில் நிற்பதாகிய இளிவு. நமதென்று எண்ணியிருந்த ஊரை இழந்த இழவு. பாட்டனார் காலத்து நிலை மாறிவிட்ட அசைவு. நாம் சினம் என்று பெயரிட்டது உண்மையில் துயரம். துயரத்திற்குச் சினத்தின் மருந்தைக் கொடுத்தால் நோய் தீராது. கண்டக்டரோடு சண்டையிட்டு ஊர் திரும்ப வந்துவிடப் போவதில்லை.

இதனை எளிதாகச் சொல்லிவிட்டோம். ஒரு காலத்தில் இவ்வட்டாரம் முழுவதுமே இந்த வினாவின்முன் நின்றது. 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்த சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே வாழ்ந்தன. ஆந்திர மாநிலம் வேண்டி 1952 அக்டோபர் 19ஆம் நாள் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி சீராமுலு டிசம்பர் 15ஆம் நாள் இரவு உயிர் நீத்தார். அவர் மறைவைத் தொடர்ந்து தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனுள் அடங்கியது. திருத்தணிகை உட்பட எல்லாம் போயிற்றே என்று தமிழர் கொதித்தனர். ம. பொ. சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகத்தார் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர், சிறை சென்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. இருபக்கமும் உண்மையான உணர்ச்சியே இருந்தது. ஒரு பக்கத்தார்க்கு மட்டும் துயரம் உரியது என்று எண்ணுவது நியாயமன்று.

பிறகு நிகழ்ந்ததை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழி யாது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து எல்லை வகுப்பது என்பது அவர் கொண்ட முறை. "யாருடைய மண்?" என்னும் வினா நெஞ்சைக் கொதிக்கச் செய்வது, "இந்தக் கிராமத்தில் எந்த மொழியினர் மிகுதி?" என்பதற்கோ விடை உண்டு. கொதிப்பு, எண்ணிச் சரிபார்க்கத்தக்க வழக்காக மாறியது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்திற்கு வந்தது; செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் காளத்தியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இருதரத்தாருக்கும் முழு மனநிறைவு இல்லை. ஆயினும் எல்லைக் கிராமங்களில் மக்கள் மறுநாளும் ஒரே கிணற்றில் நீர் மொண்டனர். உணர்ச்சியை அடக்கியதால் வந்த பயன் அன்று இது. உணர்ச்சி இல்லையேல் வழக்கே எழுந்திராது. அதற்கு எந்த வடிவில் விடை கேட்பது என்பதைத் தேர்ந்ததில்தான் பயன் விளைந்தது.

சித்தூர்ப் பக்கத்தில் இதே செய்தியைச் சிறிய அளவில் காட்டும் ஓரிடம் உண்டு. காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோவிலுக்குப் போனவர்கள் அங்குள்ள வழக்கத்தைக் கேட்டிருப்பார்கள். கொடுக்கல் வாங்கலிலோ வேறு பழியிலோ பிணங்கிய இருவர், திருக்குளத்தில் நீராடி, ஈர ஆடையோடு பிள்ளையார்முன் நின்று பிரமாணம் செய்வர். குளத்தில் முழுகி எழுந்தவுடனேயே உண்மையை ஒப்புக்கொண்டு திரும்பியவர் பலர் என்று ஊரார் சொல்லுவர். தெய்வத்தின் ஆற்றலை ஆராய்வது நம் வேலை அன்று. ஆனால் ஊரிலிருந்து புறப்பட்டு, வழிநடந்து, குளிர்ந்த நீரில் இறங்கி எழுவதற்குள், கைகலப்பாக முடிந்திருக்கக்கூடிய சினத்திற்கு எவ்வளவு பொழுது கிடைக்கிறது! பழியைக் கூறுபவன் தன் வாயாலேயே, தெளிந்த சொற்களில், நடந்தது இன்னது என்று சொல்லியாகவும் வேண்டும்.

இக்காலத்து மனநூலாரும் இதற்கு அண்மையில் வந்திருக்கின்றனர். ஜேம்ஸ் கிராஸ் என்பவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினார். சிலரை முகத்தில் ஒன்றும் தோன்றாமல் மறைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு சிலரை, காண்பதனை வேறு நோக்கில் எண்ணிப் பார்க்கச் சொன்னார். மறைத்தவர்களின் முகம் அமைதியாயிற்று. ஆனால் உடலின் உட்பரபரப்பு மிகுந்தது, அருவருப்பும் குறையவில்லை. நோக்கை மாற்றியவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. 2007இல் கலிபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் குழுவினர் செய்த ஆய்வில், சினமும் அச்சமும் தோன்றும் முகங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்ச்சிக்குப் பெயர் சூட்டியபோது, மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி தணிந்ததாகக் கண்டனர். விழுங்குவது அடக்கம் ஆகாது. பெயர் அறிந்து சொல்லுவது வேறு. மெய்ப்பாட்டியலைப் படித்தவர்க்கு இது பெரும் புதுமையாகத் தோன்றாது.

திருமலையில் வரிசைக் கூடத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். அடைத்த கூடத்துள் குழந்தை அழுகிறது, கால் கடுக்கிறது, யாரோ ஒருவர் நம்மைத் தாண்டி முன்னே செல்லுகிறார். "எனக்குச் சினம் வந்திருக்கிறது, களைப்பினால் பாதி, அவர் செயலால் பாதி" என்று பிரித்துக்கொண்டால், களைப்பின் பங்கைத் தரையில் அமர்ந்து தீர்க்கலாம், அவர் செயலின் பங்கை அவரிடமோ ஊழியரிடமோ இரண்டு சொல்லில் கேட்கலாம். கேட்காமல் இருப்பதுதான் பொறுமை என்று எவரும் கொள்ள வேண்டா. 2025 சனவரி 8ஆம் நாள் திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசனச் சீட்டுக்காகத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் ஆறு பேர் உயிர் துறந்தனர். அத்தகைய இடத்தில் தனி ஒருவரின் மனவமைதி காப்பாற்றாது; ஒழுங்கான ஏற்பாடு வேண்டும், அதனைக் கேட்கும் குரலும் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, நாம் கூறும் "தேர்தல்" என்னும் சொல்லையே ஏற்கமாட்டார். சினத்தை அடக்குகிறவனும் சினமும் வேறல்ல என்பது அவர் கருத்து. தெரிந்தெடுக்காமல், கடியாமல், நியாயம் கற்பிக்காமல் அதனை முழுமையாகப் பார் என்பதே அவர் வாழ்நாளெல்லாம் சொல்லியது. உயர்ந்த நிலைதான். ஆனால் எட்டரை மணி மின்ரயிலைப் பிடிக்க ஓடுகிற நம்மில் பெரும்பாலோருக்கு, பார்ப்பதற்கு முன் நிற்கக் கற்பதே பெரும்பாடாக இருக்கிறது. நின்றபின் அவர் சொன்னதையும் முயலலாம்.

நம் வீடுகளுக்கு வருவோம். மாதுங்காவிலும் கரோல் பாகிலும் எத்தனையோ இல்லங்களில் மாலைதோறும் நிகழ்வது இது. அலுவலகத்திலிருந்து திரும்பிய தந்தை, "சாப்பிட்டாயா கண்ணு?" என்று தமிழில் கேட்கிறார், பிள்ளை இந்தியில் விடை சொல்லுகிறது. இரண்டாம் முறை கேட்கிறார், மீண்டும் இந்தி. குரல் உயருகிறது, சில வேளை கையும் உயருகிறது. அடுக்களையிலிருந்து தாய் ஓடி வருகிறாள். பிள்ளை அழுகிறது, அதற்கு என்ன பிழை செய்தோம் என்று தெரியவில்லை. அன்று முழுவதும் அது பள்ளியில் பேசிய மொழியில்தானே பேசிற்று?

தந்தையின் நெஞ்சில் எழுந்தது எது? வெகுளியின் நான்கு களங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவற்றுள் எதுவும் பொருந்தாது. அசைவு பொருந்துகிறது. சித்தூர்ப் பேருந்தில் தைத்த அதே முள் இங்கும் தைக்கிறது. இவ்வுண்மை தெரிந்துவிட்டால் கை தானே கீழே இறங்கும். இறங்கிய கைக்கு வேலையும் உண்டு. ஊரிலிருக்கும் பாட்டியாரைத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். பாட்டிக்கு இந்தி வராது. பிள்ளைக்குத் தமிழ் தடுமாறும். முதல் நாள் இருவரும் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். இரண்டாம் நாள் பாட்டி ஏதாவது ஒரு காக்கையின் கதையைத் தொடங்குவாள், நடுவில், "அப்புறம்?" என்று பிள்ளை கேட்கும்.